தோம்பும் செபமாலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு குடும்பத்தின் நிலையை அறிவதற்கு முன்னாளில் மூன்று சொற்கள் போதுமானவையாயிருந்தன. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்பன அவை. முன்னோர் வழியாக வந்த சொத்து முதுசொம். பெண்ணோடு புகுந்த வீட்டிற்குச் செல்வது சீதனம். கணவனும் மனைவியும் கூடியிருந்து ஈட்டியது தேடியதேட்டம். 1707ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என எழுதுவித்தபோது, அதன் பெரும்பகுதி இம்மூன்று சொற்களைச் சுற்றியே அமைந்தது. சில பரப்புத் தோட்டக்காணி, அதன் வேலியோரத்துப் பனைகள், அயலவரோடு கூட்டாகவுள்ள கிணற்றிலே ஒரு பங்கு ஆகியவை பிற நாட்டார் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றலாம். அவற்றை வைத்தே ஒரு பெண்ணுக்கு மணமகன் அமைந்தான். அவற்றை வைத்தே ஒருவன் ஊரிலே தலை நிமிர்ந்து நடந்தான்.

காணி உறுதி வைத்த பெட்டகமும் கடவுளை வணங்கும் மூலையும் ஒரே வீட்டில் ஒன்றுக்கொன்று இடைஞ்சலின்றி இருப்பதையே எல்லாரும் விரும்புவர். பெரும்பாலான காலங்களில் அவை அவ்வாறே இருந்தும் வருகின்றன. அவை ஒன்றையொன்று மறித்து நின்ற காலமும் இந்நாட்டில் ஒருமுறை வந்தது. அக்காலத்திலே நம்பிக்கையை முன்னும் உடைமையைப் பின்னும் வைத்து வாழ்ந்த கிறித்தவர்களின் வரலாறு, அச்சமயத்தைச் சாராத நேயர்களும் அறிந்திருக்க வேண்டியதொன்று.

சுவிசேஷத்திலே செல்வம் மிக்க ஓர் இளைஞனின் கதை வருகின்றது. நித்திய வாழ்வை அடைய என்ன செய்யவேண்டும் என்று அவன் இயேசுநாதரை வினவுகின்றான். கற்பனைகளைக் கைக்கொள்ளுமாறு அவர் கூறுகின்றார். சிறுவயது முதலே அவற்றைக் கைக்கொண்டு வருவதாக அவன் விடை பகர்கின்றான். உள்ளவற்றை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம்மைப் பின்பற்றி வருமாறு அவர் அழைத்ததும், அவன் முகம் வாடித் துயரத்தோடு திரும்பிப் போகின்றான். பிரசங்கம் செய்வோர் உலோபிகளைக் கடிந்துகொள்வதற்கு இக்கதையை எடுத்தாள்வதுண்டு. அது பொருத்தமானதாகத் தோன்றவில்லை. அவ்விளைஞன் உலோபி என்று கதையில் எங்கும் சொல்லப்படவில்லை, அவன் நல்லவன், நேர்மையாக வாழ்ந்தவன், இயேசுநாதரே அவன்மீது அன்பு கொண்டார் என்று மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. இரண்டையும் ஒருங்கே வைத்திருக்க முடியாத நேரம் வந்தபோது எதை விடுவது, எதைப் பற்றுவது என்பதே அவனுக்கு ஏற்பட்ட இடர்.

உடைமை வைத்திருப்பதே பாவம் என்பது கிறித்தவக் கொள்கையன்று. இயேசுநாதரையும் சீடரையும் தம் பொருளைக் கொண்டு ஆதரித்த பெண்கள் இருந்தனர். அவரை அடக்கம் செய்யக் கல்லறை அளித்த அரிமத்தியா ஊர் யோசேப்பு செல்வந்தர். ஆயக்காரனாகிய சக்கேயு தன் செல்வத்திற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னபோது, மற்றப் பாதியையும் கொடு என்று அவனிடம் கேட்கப்படவில்லை. ஆகவே கேள்வி உடைமையின் அளவைப் பற்றியதன்று. உடைமையா நம்பிக்கையா என்று தெரிவு செய்ய நேரும் நாளில் ஒருவன் என்ன செய்கின்றான் என்பதே கேள்வி. பெரும்பாலோருடைய வாழ்க்கையில் அந்த நாள் அடையாளம் தெரியாமல் வந்து அடையாளம் தெரியாமலே போய்விடுகின்றது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கோ அது 1658ஆம் ஆண்டிலே அரசாங்கக் கட்டளையாகப் பறைசாற்றப்பட்டு வந்தது.

அதற்கு முந்திய நிலையை முதலிற் சொல்லுதல் நியாயமாகும். 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ச்சியுற்றுப் போர்த்துக்கேயர் ஆட்சி நிலைபெற்றது. சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. நாடு கோவிற்பற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, ஊர்தோறும் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. ஆள்வோரின் சமயத்தைச் சேர்ந்தவனுக்கு உத்தியோகமும் சலுகையும் கிடைத்தன. தொன் என்னும் பட்டத்தோடு புதுப்பெயர் பூண்ட முதலிமார் பலர் தோன்றினர். அவர்களுள் உள்ளத்தால் நம்பியவர் எத்தனைபேர், உத்தியோகத்திற்காகத் தலையில் நீர் வார்ப்பித்துக்கொண்டவர் எத்தனைபேர் என்று அன்று எவராலும் பிரித்தறிய முடிந்திராது. சமயமும் ஆதாயமும் ஒரே வாயிலால் வரும்போது நம்பிக்கையை நிறுப்பதற்குத் தராசு கிடையாது.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மூன்று மாதத்திற்கு மேற்பட்ட முற்றுகையின் பின், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தர். ஆனால் அவர்களை அனுப்பியது சபை அன்று, ஒரு வியாபாரக் கம்பனி. கறுவா, யானை, முத்து, சங்கு, துணி என்பவற்றிலேயே அக்கம்பனியின் கண் இருந்தது. கத்தோலிக்க சமயத்தின்மீது அதற்கிருந்த பகையில் அரசியல் அச்சமும் பெரும்பங்கு வகித்தது. கோவாவிலே போர்த்துக்கேயர் இன்னும் வலுவோடிருந்தனர். யாழ்ப்பாணத்தை அவர்களுக்கு மீட்டுக் கொடுக்க ஒரு சதி நடைபெற்றதாக அதே ஆண்டில் வெளிப்பட்டு, சிலர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கக் குருவானவருக்கு இடங்கொடுப்போர் மரணதண்டனை பெறுவர் என்னும் கட்டளை பிறந்தது. குருமார் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாயின. பிலிப்பு பால்தேயு என்னும் போதகர் 1665 வரையில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றி, தாம் கண்டவற்றை 1672இல் நூலாக வெளியிட்டார். தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி, வட்டுக்கோட்டை என ஊர் ஊராக ஆலயத்தையும் பள்ளிக்கூடத்தையும் அவர் அந்நூலில் வருணித்திருக்கின்றார்.

வாளினாலும் கட்டளையினாலும் செய்ய முடியாத வேலையை ஒல்லாந்தர் ஓர் ஏட்டினாற் செய்தனர். தோம்பு என்பது அதன் பெயர். காணிகளைப் பதிவு செய்தது காணித் தோம்பு; ஆட்களைப் பதிவு செய்தது பள்ளித் தோம்பு. கோவிற்பற்றுத்தோறும் ஆலயத்தோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் வேதவினாவிடையும் கற்பித்த உபாத்தியாயரே ஊரின் பதிவாளருமாவார். யார் யாருக்கு ஞானஸ்நானம் நடைபெற்றது, யார் யாரை மணமுடித்தனர் என்பவற்றையெல்லாம் அவர் எழுதிவைத்தார். பள்ளிக்கு வராத பிள்ளையின் தந்தை குற்றப்பணம் செலுத்தவேண்டும். போதகர் வர இயலாத ஞாயிற்றுக்கிழமைகளிற் பிரசங்கத்தை வாசித்தவரும் அந்த உபாத்தியாயரே. கற்பித்தல், கணக்கெழுதுதல், கண்காணித்தல் என்னும் மூன்றும் ஒருவர் கையில் இருந்தமையால், ஊரவர் அவரை மதித்ததிலும் அஞ்சியதே அதிகம் என்று கொள்ளலாம்.

பள்ளித் தோம்பிற் பதியப்படாத மணம் சட்டத்தின் முன் மணமாகாது. அம்மணத்திற் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளாகார். முறையான பிள்ளைகள் அல்லாதவர்க்கு முதுசொத்தில் உரிமை கிடையாது. காணி வழக்கு எழுந்தால் தோம்பின் பிரதியே சான்று. ஊர்த் தலைமை முதலிய எந்தப் பதவிக்கும் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் இன்றியமையாதது. சிறையோ தூக்குமரமோ வேண்டியதில்லை. ஏட்டிலே ஒரு பெயர் இல்லாமற் போவதே போதும்; பாட்டன் தோண்டிய கிணறு தாயாதிகளின் கைக்குப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டின் கூர்மை அது யாரைத் தாக்கியது என்பதில் இருக்கின்றது. தன் உயிரைத் துரும்பாக மதிக்கும் துணிவுடையவனும் தன் பிள்ளையின் பங்கை அவ்வாறு மதிக்கத் துணியான். தான் பட்டினி கிடக்கலாம். மகளைச் சீதனமின்றி, முறையான மணமின்றி வீட்டில் வைத்திருக்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? பொருளாசை என்றவுடன் பணப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கும் ஒருவனையே மனக்கண்முன் நிறுத்துகின்றோம். மக்கட்பாசத்தின் உருவிலே வரும் பொருளாசையை அவ்வளவு எளிதில் அடையாளம் காண முடிவதில்லை. கண்டாலும் குறை கூற நா எழுவதில்லை. ஆகவே, தோம்பிற் பெயர் எழுதுவித்தவர்களை இன்றிருந்து இகழ்வது தகாது. பெரும்பாலோர் எழுதுவித்தனர். பிள்ளையை உபாத்தியாயரிடம் கொண்டுசென்று பதிவு செய்வித்தபின், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய செபங்களைச் சொல்லிக்கொடுத்த கத்தோலிக்கர் பலராவர்.

இந்த இக்கட்டு கத்தோலிக்கருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சைவர்கள் விரத நாளிலே இலையில் உண்டபின், அந்த இலை அதிகாரிகளின் கண்ணிற் படாதவாறு கூரைக்குள் செருகி மறைத்தனர் என்னும் கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. போர்த்துக்கேயர் காலத்தில், அதிகாரிகளின் உணவிற்குப் பசு கொடுக்கும் முறை தம் வீட்டிற்கு வந்தபோது, திருநெல்வேலி ஞானப்பிரகாசர் காணி பூமியை விட்டு இரவோடிரவாக நீங்கிச் சிதம்பரம் சேர்ந்தார் என்பதும் அறிந்த செய்தியே. அங்கே அவர் பெயரால் வழங்கும் திருக்குளம் உண்டு. முன்னே சைவருக்கு இந்நிலையை உண்டாக்கிய ஆட்சியின் சமயத்தைச் சேர்ந்தவர்கள் பின்னே அதே நிலையைத் தாங்களே அடைந்தனர். வரலாற்றிலே இத்தகைய மாறுதல்கள் உண்டு.

எல்லாரும் தோம்பிற்கு இணங்கினர் என்று கொள்ளலாகாது. மன்னார்ப் பகுதியிலுள்ள மாந்தையிலே மரியன்னையின் திருவுருவம் ஒன்று இருந்தது. 1670ஆம் ஆண்டளவில் அங்கிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வாசலையும் வயலையும் விட்டு, அத்திருவுருவத்தை மட்டும் சுமந்துகொண்டு, ஒல்லாந்தர் கை நீளாத வன்னிக்காட்டினுட் புகுந்தனர் என மடுப்பதியின் மரபு கூறுகின்றது. குடாநாட்டிலிருந்தும் ஒரு கூட்டத்தார் அவ்வாறே வந்து அவர்களோடு சேர்ந்தனர். யானையும் கரடியும் காய்ச்சலும் மலிந்த அந்தக் காட்டிலே, மருதமரமும் நீர்நிலையுமுள்ள இடமொன்றை அவர்கள் குடியிருப்பாக்கினர். எதை விட்டனர், எதை எடுத்துச் சென்றனர் என்பதைக் கொண்டே அவர்களுடைய மதிப்பீட்டை அறிந்துகொள்ளலாம்.

ஆயினும் குருவானவர் ஒருவரேனும் இல்லை. பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, மரிக்கும்போது அவஸ்தைப்பூசுதல் இல்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1658இற் பிறந்த குழந்தை குருவானவரைக் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளைகளையும் பெற்றுவிட்ட காலம். அந்நிலையில், 1687ஆம் ஆண்டிலே, வயிற்றுளைவு நோயினால் நலிந்த ஒரு பிச்சைக்காரர் யாழ்ப்பாணத் தெருவிற் காணப்பட்டார். கழுத்திலே ஒரு செபமாலை தொங்கியது.

அவரே யோசேவ் வாஸ் அடிகள். கோவாவைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரில் 1651ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் தேதி, கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இலத்தீனும் போர்த்துக்கேயமும் கற்று, 1676இற் குருப்பட்டம் பெற்றார். குருவானதும் பாதரட்சையை நீக்கி வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். இது வேடத்திற்காகச் செய்ததன்று. நாட்டின் ஏழைகள் வெறுங்காலோடு நடந்தனர். அவர்களோடு தாமும் நடந்தார். குலம், கல்வி, பிரசங்க வன்மை என்னும் மூன்றும் அமைந்தவருக்குக் கோவாவிலே மதிப்பான வாழ்க்கை காத்திருந்தது. 1685இற் பழைய கோவாவிலிருந்த சில குருமாரோடு சேர்ந்து, பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைப் பின்பற்றும் ஒறற்றோரியன் சபையை அமைத்தார். மறு ஆண்டே அதன் தலைமையை விட்டு, இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். துணைக்கு வந்தவர் யோவான் என்னும் பணியாளர். மேற்குக் கரை வழியாகச் சென்று தூத்துக்குடியை அடைந்தனர். அதுவும் அப்போது ஒல்லாந்தர் கையிலிருந்தது. கூலியாள் உடையிற் கப்பலேறி, புயலில் அலைந்து மன்னாரை அடைந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர்.

அவருடைய வறுமை எவ்வாறு பயன்பட்டது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒல்லாந்தக் காவலன் ஒருவனுக்குக் குருவானவர் என்றால் நீண்ட அங்கி, பெட்டிகள், பணியாளர், போர்த்துக்கேய நடையுடை என்னும் அடையாளங்கள் மனத்தில் இருந்தன. அழுக்குத் துணியுடன் கஞ்சிக்குக் கையேந்துபவனை அவன் ஏறெடுத்தும் பாரான். பிச்சைக்காரன் எந்த வீட்டுப் படலையிலும் நிற்கலாம். ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேளார். படலைதோறும் நின்று பிச்சை கேட்கையில், தம் கழுத்துச் செபமாலையை வீட்டார் எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அவர் கவனித்தார். சிலர் ஒன்றும் அறியாதவர்போல் இருந்தனர். சிலருடைய பார்வை அதிலே நிலைத்தது. அத்தகைய வீடொன்றிலே மெல்லப் பேச்சுக் கொடுத்து, இறுதியில் தாம் யார் என்பதையும் வெளிப்படுத்தினார். உடைமையைத் துறத்தல் துறவிக்கு ஒரு தவம் எனப் பொதுவாகச் சொல்வர். இங்கே அது தவமாக மட்டும் இருக்கவில்லை. மூடிக்கிடந்த கதவுகளைத் திறந்த சாவியும் அதுவே.

அவரைச் சில்லாலைக்கு அழைத்துச் சென்றனர். வலிகாமம் மேற்கிலே பண்டத்தரிப்பை அடுத்துள்ள அவ்வூர் கத்தோலிக்க நம்பிக்கையை விடாது காத்து வந்தது. அங்கே தங்கித் தமிழைக் கற்றார். இரவிலே பூசை, பகலிலே மறைவு. ஓரிரவு ஓரூரில் தங்கியவர் மறுநாள் இரவு வேறோரூரிற் காணப்பட்டார். அவருக்கு இடங்கொடுத்தவர்களுக்கு மரணதண்டனை விதிக்கும் கட்டளை நீக்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. அவரிடம் பறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவருக்குத் திண்ணை கொடுத்தவனிடமோ வீடு, வளவு, மாடு, மனைவி மக்கள் எல்லாம் இருந்தன. வரலாற்று நூல்கள் அடிகளாரின் துணிவை விரிவாகப் பேசுகின்றன; அந்தத் திண்ணைக்காரர்களின் பெயர்களை அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. இருவருள் யாருடைய துறவு பெரிது என்று ஒருவர் கேட்டால், விடை கூறுதல் அரிது. ஒன்றுமில்லாதவராக வருவது ஒரு நிலை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, அவையெல்லாம் நாளை இல்லாமற் போகலாம் என்றறிந்தும் கதவைத் திறப்பது மற்றொரு நிலை.

1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே அந்த நாள் வந்தது. யாழ்ப்பாணத்திலே நள்ளிரவுப் பூசைக்குக் கூடியிருந்த வீட்டைப் படைவீரர் வளைத்துக்கொண்டனர். அடிகளார் அகப்படவில்லை. முந்நூறு பேரளவிற் பிடிபட்டனர். பெண்கள் பின்னர் விடுவிக்கப்பட்டனர். ஆண்களுக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையை விட்டுக் கத்தோலிக்கரானவர்களென எண்மர் தனியே பிரிக்கப்பட்டனர். அவர்கள்மீதே ஆட்சியாளரின் சினம் முழுவதும் இறங்கியது. ஒருவர் அடிபட்டே உயிர்நீத்தார். எழுவர் ஆயுட்காலக் கடூழியத்திற்கு அனுப்பப்பட்டனர். இந்த எண்மரின் நிலை தனித்து எண்ணத்தக்கது. தோம்பிலே பெயர் உடையவர்கள் அவர்கள். சட்டத்தின் முன் குறையேதும் இல்லாதவர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முதுசொமும் மதிப்பும் அவர்களிடமே இருந்திருக்கும். சுவிசேஷத்து இளைஞன் திரும்பிப்போன இடத்தில் அவர்கள் திரும்பாமல் நின்றனர்.

அதன்பின் குடாநாட்டில் இருந்தால் ஊராருக்கே தீங்கு என்று கண்ட அடிகளார், புத்தளம் சென்று, 1692இற் கண்டியரசின் தலைநகரை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவருடைய இயல்பை உணர்ந்து விடுதலை அளித்தான். கிறித்தவர்களாகிய ஒல்லாந்தர் விரட்டிய கிறித்தவக் குருவானவருக்குப் பௌத்த மன்னன் ஒருவன் புகலிடம் கொடுத்தான் என்பது இந்நாட்டுக்குப் பெருமை தரும் செய்தி. 1697இற் கண்டியில் வைசூரி பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டுச் சென்றனர். அடிகளாரும், அவருக்கு உதவியாகக் கோவாவிலிருந்து வந்திருந்த மருமகராகிய யோசேப்பு கர்வாலோ அடிகளும், கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று கஞ்சி ஊற்றினர், புண் கழுவினர், இறந்தோரைப் புதைத்தனர். இன்ன சமயத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. பிற்காலத்தில் ஆயர் நிலைக்கு உயர்த்தக்கூடிய பதவி அவரை நாடி வந்தது. அவர் அதனை ஏற்கவில்லை. காணியையும் பொன்னையும் துறந்தவர்களையும் கடைசியிலே பதவி பிடித்துக்கொள்வதுண்டு. அவரை அதுவும் பிடிக்கவில்லை.

கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிப் புகழ்பெற்றார். ஆனால் ஒரு குருவானவர் ஓரூருக்கு ஆண்டில் ஓரிருமுறை வருவதே அரிதாயிருந்தது. எஞ்சிய நாட்களில் ஊரிலே செபத்தை நடத்தவும், ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், நோயாளரைத் தேற்றவும் மூப்பரும் அண்ணாவிமாரும் ஏற்படுத்தப்பட்டனர். இவர்களுக்குச் சம்பளமில்லை, பதவியால் வரும் சலுகையில்லை, பிடிபட்டால் இழப்பதற்கு மட்டும் நிறைய இருந்தது. கம்பனியின் சபையில் உபாத்தியாயருக்குச் சம்பளம் இருந்தது; அவர் கையிலே தோம்பும் இருந்தது. இவ்விரண்டு அமைப்புகளும் ஒரே ஊரிலே, ஒன்று பகலிலும் மற்றது இரவிலுமாக, ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்று வந்தன. காலம் செல்லச் செல்ல ஒல்லாந்தரின் கெடுபிடி தளர்ந்தது. 1734ஆம் ஆண்டளவில் நல்லூரிற் கந்தசுவாமி கோயில் மீண்டும் எழுந்தமை அத்தளர்ச்சிக்கு ஒரு சான்று.

யோசேவ் வாஸ் அடிகள் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆந் தேதி கண்டியிற் காலமானார். விட்டுச் சென்ற சொத்தென்று கணக்கெழுத ஒன்றும் இருக்கவில்லை.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். மறு ஆண்டு கொழும்பும் வீழ்ந்தது. உத்தியோகத்திற்கும் ஞானஸ்நானத்திற்கும் இருந்த தொடர்பு தளர்ந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை 1806இல் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கினார். அப்போது நிகழ்ந்தது எவரையும் சிந்திக்கச் செய்வது. தோம்பிலே பெருந்தொகையாகப் பதியப்பட்டிருந்த சீர்திருத்தச் சபையினர், மழைக்கால வெள்ளம் வடிவதுபோல் வடிந்துபோயினர். பெரும்பாலோர் தாம் உள்ளத்தில் என்றும் விட்டிராத சைவத்தை வெளிப்படையாகக் கைக்கொண்டனர். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய ஆலயங்கள் கூரையின்றிச் சிதைந்து கிடந்தன. சுவர்கள் இருந்தன, சபை இல்லை. ஒல்லாந்தப் போதகர்களிற் பலர் நேர்மையானவர்கள், கல்விமான்கள், தமிழைக் கற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுடைய போதனையிற் குறையிருந்தது என்று சொல்வதற்கில்லை. காணியுரிமையையும் உத்தியோகத்தையும் கொண்டு சபையைக் கட்டியவர்கள் கம்பனியார். உரிமைக்கு வேறு வழி பிறந்ததும் மக்கள் அவ்வழியே சென்றனர். கத்தோலிக்கரோ, ஆதரவும் ஆலயமும் இல்லாதிருந்த அந்த நூற்றைம்பது ஆண்டுகளின் முடிவில், எண்ணிக்கையிற் பெருகியே காணப்பட்டனர்.

கண்டியிலே அடிகளாரை அடக்கம் செய்த இடம் இன்று இன்னதென்று சுட்டிக்காட்டத் தக்கதாக எஞ்சவில்லை. 1995இற் கொழும்பில் நடைபெற்ற வழிபாட்டில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலை அளிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் தேதி காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவிற்குச் சென்றார். மாந்தையிலிருந்து கொண்டுவரப்பட்ட திருவுருவம் அங்கே இருக்கின்றது. ஒல்லாந்தர் எழுதுவித்த ஏடுகளிற் பல கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பாதுகாக்கப்பட்டுள்ளன. பழைய ஊர்களின் வரலாற்றையும் குடிவழியையும் ஆராய்வோர் அவற்றைப் புரட்டிப் பார்க்கின்றனர். கறையான் அரித்த அத்தாள்களிலே, தொன் என்று தொடங்கிச் சைவப் பெயரில் முடியும் பெயர்கள் வரிசை வரிசையாக இன்றும் தெளிவாக வாசிக்கக் கூடியனவாக இருக்கின்றன.